ரெங்கத்தில் ஒரு வாசிக்காத கிட்டார்

அலுவலகத்தில் எனக்குப் பஞ்சாங்கம் என்று பெயர். எந்தச் சுற்றறிக்கை எந்தத் தேதியில் வந்தது, எந்த மேலதிகாரி எந்தக் கிழமையில் மாறுதலாகிப் போனார் என்பதெல்லாம் என்னிடம் கேட்டால் உடனே கிடைக்கும். திருச்சியின் பழைய கட்டடங்கள் திறக்கப்பட்ட நாட்களைப் பற்றி எங்கள் பேட்டை நலச்சங்க மலரில் வருடாவருடம் ஒரு கட்டுரை எழுதுகிறேன். இரண்டு பேர் படிக்கிறார்கள். அதில் ஒருவர் அச்சுப்பிழை திருத்துபவர். இத்தனை தேதிப்பித்து உள்ள நான்தான், ஆயுத பூஜையும் விஜயதசமியும் வெள்ளி சனியில் விழுகின்றன, ஞாயிறும் சேர்ந்தால் மலேசியாவின் ஜொகூருக்கே போய்விட்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வியாழனுக்கு மட்டும் ஒரு தற்செயல் விடுப்பு. அந்த விடுமுறையை எதற்காக விடுகிறார்கள் என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை.

போன காரியம் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குவது. வார இறுதிகளில் மெல்லிசைக் குழு ஒன்றில் வாசிக்கிறேன். கல்யாண வரவேற்புகளில் சாப்பாட்டுப் பந்திக்குப் பக்கத்தில் எங்களை நிறுத்துவார்கள். ஜப்பானில் ஒரு சிறு பட்டறை, பால்வெள்ளை நிறத்தில் ஒரு கிட்டாரைக் கொஞ்சமாகச் செய்து, தலைப்பகுதியின் பின்புறம் ஒவ்வொன்றுக்கும் எண் பொறித்து, அத்தோடு நிறுத்திக்கொண்டது. வைத்திருப்பவர்கள் விற்பதில்லை. அவற்றில் ஒன்று, பெட்டியைவிட்டு வெளியே வராதது, ஜொகூரில் ரெங்கம் என்ற ஊரில் குணா என்பவரிடம் இருப்பதாகக் கிட்டார்க்காரர்களின் இணையக் குழுவில் தெரிந்தது.

பணத்தில் பாதி என் மனைவியின் தம்பி பாஸ்கருடையது. ஈரோட்டில் ஆடிட்டர். அவனுக்கு இது முதலீடு. “மாமா, வாசிக்காத கிட்டாருக்குத்தான் விலை. ஒரு தடவை வாசிச்சாலும் அது செகண்ட் ஹேண்ட். அஞ்சு வருஷம் பெட்டியிலயே இருக்கணும்” என்றான். நான் தலையாட்டினேன். அந்த ஐந்து வருடமும் பாஸ்கர் ஈரோட்டில் இருப்பான், கிட்டார் திருச்சியில் என் வீட்டில் இருக்கும் என்பது என் கணக்கு. ஆனால் ஆடிட்டர்களை ஏமாற்றுவது சுலபமில்லை. பெட்டியைத் திறந்து பார்ப்பதை வீடியோ அழைப்பில் தனக்குக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டுவிட்டான்.

வியாழன். ஜொகூர்பாருவில் இறங்கியதும் பசி. குணாவுக்குச் செனாய் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. வெள்ளி மதியம்தான் ஷிப்ட் முடியும் என்று சொல்லியிருந்தார். ஆகவே அன்று எனக்கு ஊர் சுற்றுவதைத் தவிர வேலையில்லை.

நுழைந்த உணவுக்கடையில் ரொட்டி சானாய் போடுகிறவர் மாவை வலை வீசுவது போல வீசிக்கொண்டிருந்தார். நம் பரோட்டா அடி வாங்கி உருவாவது. இது காற்றில் பறந்து உருவாவது. கூடவே வந்த பருப்புக்குழம்பு நம் ஊர் சாம்பாருக்குத் தூரத்துச் சொந்தம், விசேஷங்களில் மட்டும் பார்க்கிற சொந்தம். தேநீரை உயரத்திலிருந்து இழுத்து ஊற்றிக்கொண்டிருந்தவர் நான் பேசியதைக் கேட்டுத் திரும்பினார்.

“ஊர்லேர்ந்தா வாறிய? நமக்குப் பரமக்குடி பக்கம். என்ன விசயமா வந்திய?”

“ஒரு கிட்டார் வாங்க வந்தேன்.”

அவர் குவளையைக் கீழே வைத்துவிட்டு என்னை முழுசாகப் பார்த்தார். “இங்கேருந்து ஊருக்குப் போறவுக தைலம் வாங்குவாக. போர்வை வாங்குவாக. சாக்லேட்டு வாங்குவாக. கிட்டாரு வாங்கிப் பாத்ததில்லையே. ஏன், நம்ம ஊருல கிட்டாரே இல்லையா?”

இது வேறு மாதிரிக் கிட்டார், எண்ணிக்கை குறைவு, வாசிக்காமல் வைத்திருந்தால் விலை ஏறும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “அப்ப வாசிக்காம வச்சிருக்கத்தான் வாங்குறிய” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அதன்பின் தேநீர் கேட்கும்போதெல்லாம் என்னிடம் குரலைத் தணித்தே பேசினார், உடம்பு சரியில்லாதவரிடம் பேசுவது போல.

எதிரே ஒரு பழைய கடைவரிசை. நெற்றியில் கட்டிய ஆண்டு பெரிய எழுத்தில் இருந்தது. ஆண்டு பொறித்த சுவர் கண்ணில் பட்டால் நான் நின்றுவிடுவேன். அதைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது பரமக்குடிக்காரர் வாசலுக்கு வந்தார். “அத நம்பாதிய. நடுவுல ஒரு நம்பரு காரை பேந்து விழுந்துருச்சு. போன தீவாளிக்கு வெள்ளையடிச்ச பய ஏணியில நின்னுக்கிட்டே என்ன நம்பருன்னு கேட்டான். கீழ நின்ன ஆளு தன் காடி நம்பர்லேருந்து ஒண்ணச் சொன்னாரு.” நான் எடுத்த படத்தை அழித்தேன். காடி என்றால் இங்கே கார்.

மாலையில் கடற்பாலத்துப் பக்கம் நின்றேன். சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும் மோட்டார் சைக்கிள்கள் தேனீக்கூட்டம் கலைந்தது போல வந்தன. தினமும் ஒரு நாட்டில் வேலை செய்து இன்னொரு நாட்டில் தூங்குகிறவர்கள். நாங்கள் ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பேருந்து நிலையத்துக்கு வந்து போவதற்கே அலுத்துக்கொள்கிறோம். இரவுச் சாப்பாடு கோழி வைத்த நாசி லெமாக். தேங்காய்ப்பாலில் வெந்த சோற்றின் மேல் நெத்திலியும் சம்பலும். இரண்டு முறை வாங்கினேன். அதுதான் இந்தப் பயணத்தின் கடைசிக் கோழி என்று தெரிந்திருந்தால் மூன்றாவதும் வாங்கியிருப்பேன்.

வெள்ளி. ரெங்கத்துக்குப் போகக் கைப்பேசியில் அழைத்த காரின் ஓட்டுநர் ஹசான் என்ற மலாய்ப் பெரியவர். தலையில் தொப்பி, முகத்தில் தீராத உற்சாகம். கிட்டார் வாங்கப் போகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னதும் வண்டியின் வேகம் குறைந்தது.

“கிட்டாரா? என் இளமையில் எனக்குத் தோளுக்குக் கீழே முடி இருந்தது. எங்கள் குழு கல்யாணங்களில் வாசிக்கும். பெண்கள் அழுவார்கள்” என்றார் ஆங்கிலமும் மலாயும் கலந்து.

“எதற்கு அழுவார்கள்?”

“சத்தம் தாங்காமல்” என்றார் பெருமையாக. தொப்பியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. பிறகு ஒரு பழைய மலாய் ராக் பாட்டைப் போட்டுவிட்டு, அதில் கிட்டார் தனியாக வரும் இடத்தில் இரண்டு கைகளாலும் காற்றில் வாசிக்க ஆரம்பித்தார். ஸ்டீயரிங் முழங்கால்களிடம் ஒப்படைக்கப்பட்டது. நான் செய்வதறியாமல் என் பக்கத்துக் கைப்பிடியில் தாளம் போட்டேன். இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள் கவலையில்லாமல் ஓடின.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, அன்னாசிப்பழக் கடைகள் வரிசையாக இருந்த ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தி “ரெங்கம்!” என்றார். வரைபடம் பார்க்க வேண்டாம், இந்தப் பக்கம் தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று முன்பே அறிவித்திருந்தார். குணாவைக் கூப்பிட்டு அன்னாசிக் கடையை அடையாளம் சொன்னேன்.

“அலமாக்! அண்ணே, நீங்க சிம்பாங் ரெங்கத்துல நிக்கிறீங்க. சிம்பாங்னா முச்சந்திலா. ரெங்கத்துக்குப் பிரியிற ரோடு அது. ரெங்கம் இன்னும் உள்ள வரணும்ணே. இது ஒரு ஊரு, அது ஒரு ஊரு.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நம் தெற்குச் சீமையில் பேருந்துக்காரர் ‘விலக்கு’ என்று சொல்லி இறக்கிவிட்டுப் போய்விடுவார். ஊர் அங்கிருந்து பொட்டல்வெளி தாண்டி எங்கோ இருக்கும். விலக்குக்கும் ஊருக்கும் ஒரே பெயர். கடல் தாண்டி வந்து அதே விலக்கில் நிற்கிறேன்.

சரி, கிளம்பலாம் என்றால் ஹசான் கைக்கடிகாரத்தைக் காட்டினார். “இன்று வெள்ளிக்கிழமை. தொழுகைக்கு நேரமாகிவிட்டது. நீங்கள் அன்னாசி சாப்பிடுங்கள், வந்துவிடுகிறேன்.” பஞ்சாங்கத்துக்கு வெள்ளிக்கிழமை மதியம் என்பதும் தோன்றவில்லை. கடைக்காரப் பெண்மணி பழத்தைச் செதுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஹசான் வந்தபோது என் நாக்கு தடித்திருந்தது. பிறகு மழை பிடித்தது. நம் ஊர் மழை வருவதற்கு முன் மண் வாசனையை அனுப்பும். இங்கே கதவு தட்டாமல் உள்ளே வருகிறது. வைப்பர் ஓடியும் சாலை தெரியாததால் ஓரமாக நின்று, மழை விட்டபின் நகர்ந்து, குணாவின் வீட்டை அடைந்தபோது விளக்கு வைக்கும் நேரம்.

ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் அது ஓரத்து வீடு. வாசலில் காருக்கு மாலை போட்டு, சந்தனம் தெளித்து, நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள்.  

குணாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கட்டையான உருவம், விபூதி நெற்றி. “வாங்கண்ணே, வாங்க! ஒங்களுக்காகத்தான் பூசய நிறுத்தி வச்சிருக்கோம்” என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். சாமி மேடைக்கு முன்னால் வாழையிலை விரித்து, அவருடைய மல்டிமீட்டர், திருப்புளி வரிசை, புத்தகங்கள், ஒரு தையல் இயந்திரம். நடுவில், பெட்டியின் மூடி திறந்து, பூமாலையோடு, நான் கடல் தாண்டி வந்த கிட்டார். அதன் முன்னே குனிந்து நின்ற குணாவின் மனைவி புஷ்பா, மோதிர விரலில் சந்தனத்தைக் குழைத்து, அந்தப் பால்வெள்ளை உடம்பை நோக்கி விரலை இறக்கிக்கொண்டிருந்தார்.

“வேண்டாம்மா!” என்று கத்தினேன். என் வாழ்வில் முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணிடம் நான் பேசிய முதல் சொல் அது.

விரல் அந்தரத்தில் நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். “நீங்க சர்ச்சுக்குப் போறவங்களாண்ணே? இவரு சொல்லவே இல்லையே.”

“இல்லம்மா, நானும் சாமி கும்புடறவன்தான். ஆனா இது முதலீடு.”

“முதலீட்டுக்குப் பொட்டு ஆகாதா?”

சந்தனம் படிந்தால் வார்னிஷில் கறை இறங்கும், மஞ்சள் போகவே போகாது என்று விளக்கினேன். குணா பயந்துபோய், “பொட்டி மேல வச்சிருலா புஷ்பா” என்றார். கிட்டாரின் முன்பலகையில் தொழிற்சாலையில் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. அதன்மேல் வைக்கலாமா என்று புஷ்பா கேட்டார். கைப்பேசியில் ஈரோட்டைக் கேட்டேன். அந்த உறையும் முதலீட்டில் சேர்த்தி என்று பாஸ்கர் தீர்ப்பளித்தான். பொட்டு பெட்டியின் கைப்பிடிக்குப் போனது.

“பொட்டிக்குப் பூச பண்ணா பொட்டிதான் நல்லா இருக்கும். அப்புறம் என்னச் சொல்லாதீங்க” என்றார் புஷ்பா.

கற்பூரம் காட்டி முடித்ததும் நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பூதக்கண்ணாடியும் டார்ச்சும் எடுத்தேன். கழுத்து வளைந்திருக்கிறதா, எண் சரியா என்று பார்க்க வேண்டும். புஷ்பா குறுக்கே வந்து நின்றார்.

“எங்கண்ணே போறீங்க? பூசையில வச்சாச்சு. நாளைக்கிப் புனர்பூச பண்ணித்தான் எடுப்போம்.”

“தூரத்துலேர்ந்து வந்திருக்கேம்மா. சும்மா ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டு...”

“தங்காக் டவுன் கடைங்கள்லேர்ந்து துணி எடுத்து வந்து குமிஞ்சு கெடக்கு. தீவாளிக்கி ஊரே ஜாக்கெட் கேக்குது. நானே மெஷினத் தொடல. ஒங்க கித்தாரு என்ன, அத விடப் பெருசா?” பிறகு சந்தேகத்தோடு கேட்டார். “ஊருல ஆயுத பூச இல்லையாண்ணே?”

“இருக்கும்மா. அதுக்குத்தான் லீவு விட்டாங்க. அந்த லீவுலதான் வந்தேன்.”

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் கூரையைப் பார்த்தார்.

அடுத்த அரைமணி நேரம் நான் இலைக்கு இந்தப் பக்கம் குப்புறப் படுத்து, கைப்பேசியின் கேமராவைப் பெரிதாக்கி, எண்ணைப் படிக்க முயன்றேன். எண் பின்புறத்தில். முன்புறத்தையும் ஒரு வாழைப்பழச் சீப்பு மறைத்தது. “சான்றிதழாவது காட்டச் சொல்லுங்க மாமா” என்றான் பாஸ்கர் கைப்பேசியிலிருந்து. சான்றிதழ் புத்தகங்களுக்கு அடியில், அதுவும் பூஜையில். “எனக்கு வாழைப்பழம் மட்டும்தான் தெரியுது. நல்ல பழமா இருக்கு” என்று சொல்லி வைத்துவிட்டான்.

இரவுச் சாப்பாடு கொண்டைக்கடலைச் சுண்டல், வடை, சர்க்கரைப் பொங்கல், பிறகு மட்டன் வறுவல் என்று ஒன்று. வாயில் போட்டதும் சோயா என்று தெரிந்தது. புரட்டாசி மாதம் முழுவதும் அந்த வீட்டில் சைவம். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் மட்டன், மூக்கையும் மூடிக்கொண்டால் நல்ல மட்டன். குணா ஏன் விற்கிறார் என்று கேட்டேன்.

“கல்யாண டின்னருக்கெல்லாம் வாசிப்பேண்ணே. பழைய கித்தாரு ஒண்ணு இருக்கு, இன்னிக்கும் அதான் வாசிக்கிறேன். இதுக்கு ஆளு நெறய, லக்கி டிராவுல எம்பேரு விழுந்துதான் வாங்கவே முடிஞ்சுது. வாங்கின அன்னிக்கி ஒரு பிரண்டு சொன்னான், தொடாத, வெல ஏறும்னு. சரின்னு தொடல. வெல ஏற ஏற இன்னும் பயம். இப்ப தூசி விழுந்தாலும் தூக்கம் வரல. வீட்டுல ஒரு பொருள வச்சிக்கிட்டு அதுக்கு நான் வாட்ச்மேன் வேல பாக்குறேண்ணே. போயிருச்சின்னா நிம்மதி.”

“ஏர்கான் ஒரு ரூம்லதான் இருக்கு. அதுல யாரு படுக்கிறான்னு கேளுங்க” என்றார் புஷ்பா சமையலறையிலிருந்து. “மாமியாருக்கே நான் அப்படிச் செஞ்சதில்ல.”

சனி, விஜயதசமி. காலையிலேயே “பசியாறிட்டீங்களாண்ணே?” என்று கேட்டுத் தோசையும் சம்பலும் வைத்தார்கள். இங்கே காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்றே பெயர். நம்மிடம் டிபன் என்று ஆங்கிலம் வந்து உட்கார்ந்துவிட்ட இடத்தில் அழகான தமிழ்ச் சொல் ஒன்று ரெங்கத்தில் உயிரோடிருக்கிறது. மாலையில் செனாயில் விமானம். காலையில் பூஜை முடிந்து, கிட்டாரைப் பார்த்து, பணத்தைக் கொடுத்து, பெட்டியோடு கிளம்பிவிடலாம்.

புனர்பூஜை முடிந்தது. பாஸ்கரை வீடியோ அழைப்பில் வரவழைத்து, கைப்பேசியைச் சாமி மேடைக்கு எதிரே ஒரு தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்தேன். அவன் பல் துலக்கிக்கொண்டிருந்தான். புஷ்பா தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து ஒரு துண்டுத் துணியில் ஒரு வரி தைத்தார். குணா ஒரு ஸ்க்ரூவைத் திருகினார், ஒரு புத்தகத்தில் நாலு வரி வாய்விட்டுப் படித்தார். கடைசியாக புஷ்பா கிட்டாரைக் காட்டினார்.

“வாங்குறவங்க நீங்கதானே. நீங்களே வாசிங்கண்ணே.”

“எதுக்கும்மா?”

“பூசையில வச்சது அன்னிக்கி வேல செஞ்சாத்தான் வருசம் பூரா வேல செய்யும். எல்லாம் செஞ்சிருச்சு. இது மட்டும் சும்மா பொட்டியில ஏறிப் போவக் கூடாது. சரஸ்வதி முன்னால வச்சிட்டு ஊமையா அனுப்புவாங்களா?”

பாஸ்கர் பல் துலக்குவதை நிறுத்தினான். “மாமா! தொடாதீங்க!”

நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கணம் அது. கையெட்டும் தூரத்தில் கிட்டார். வாசி என்று ஒரு வீடே சொல்கிறது. ஆனால் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்ந்தபடி ஈரோடு பார்த்துக்கொண்டிருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, “நான் தொட மாட்டேம்மா” என்றேன். புஷ்பா, அப்படியென்றால் பொருள் வெளியே போகாது என்றார். அதட்டாமல், மழை வரும் என்பது போலச் சொன்னார். குணா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்த பாஸ்கர் தொழில்முறையில் யோசித்தான். “மாமா, இதுக்கு ஒரு வழி இருக்கு. ஷோரூம்காரன் வண்டிய ஸ்டார்ட் பண்ணிக் காட்டறான், அதனால வண்டி பழசாயிடுதா? விக்கிறவரு வேலை செய்யுதான்னு காட்டறது டெஸ்டிங். வாங்கறவன் தொட்டாத்தான் யூசேஜ். அவரையே ஒரு சத்தம் எழுப்பச் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. நீங்க தள்ளி நில்லுங்க.”

எங்கள் எல்லோருக்கும் இது நியாயமாகப் பட்டது என்பதை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது.

குணா கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, மறுபடி கழுவினார். கிட்டாரைத் தூக்கும்போது குழந்தையின் தலைக்குக் கொடுப்பது போல அதன் தலைக்குக் கை கொடுத்தார். ஒரு தந்தியை மீட்டினார். தளர்ந்துகிடந்த தந்தி ‘தொய்ங்’ என்றது.

“இதுவா சத்தம்?” என்றார் புஷ்பா.

கழுத்து வளையக் கூடாது என்று தந்திகளைத் தளர்த்தி வைத்திருந்தார். சுருதி சேர்க்கலாமா என்று ஈரோட்டைக் கேட்டோம். “டெஸ்டிங்கில் அடங்கும்” என்று பதில் வந்தது. சுருதி சேர்த்து மீட்டினார். ஆம்ப்ளிஃபயர் இல்லாத எலெக்ட்ரிக் கிட்டார் எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டது. “கொசு மாதிரி இருக்கு. சாமிக்கு எங்க கேக்கும்?” என்றார் புஷ்பா. ஒயர் சொருகலாமா? ஈரோடு தலையைச் சொறிந்து, “ஒரே ஒரு தடவை” என்றது. அறையிலிருந்து குணாவின் பழைய ஆம்ப் வந்தது.

அவர் ஒரே ஒரு ஸ்வரத்தை மீட்டினார்.

அது சுவர்களில் பட்டு, காருக்குப் போட்ட மாலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது போலிருந்தது. மணியின் தெளிவும், அதன் அடியில் கொஞ்சம் கரகரப்பும். குணா அது அடங்கும்வரை அசையாமல் நின்றார். அது முழுசாக அடங்குவதற்குள் அவருடைய இடது கை, அவரைக் கேட்காமல், அடுத்த இடத்துக்குப் போய்விட்டது.

“போதும், போதும்! டெஸ்ட் ஓகே!” என்றான் பாஸ்கர்.

குணாவுக்குக் கேட்கவில்லை. ஒரு ஸ்வரக்கூட்டு, இன்னொரு ஸ்வரக்கூட்டு, பிறகு கல்யாண டின்னர்களில் பெண் மாப்பிள்ளை உள்ளே வரும்போது வாசிக்கும் மெதுநடைப் பாட்டு ஒன்று. சுமாராக வாசிப்பவர் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. தந்தியை அவர் வளைக்கும் விதத்தில், பாடுகிறவர் மூச்சை இழுக்கும் ஓசை வந்தது. புஷ்பா தைப்பதை நிறுத்திவிட்டு, ஊசியில் நூல் கோர்ப்பது போன்ற பாவனையில் உட்கார்ந்திருந்தார். நூல் எங்கேயும் இல்லை. பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் வாசல்கதவருகே வந்து நின்று பாட்டு முடியும்வரை நாயைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முடிந்தது. குணா கிட்டாரைப் பெட்டியில் வைக்கவில்லை. அதையும் தூக்கிக்கொண்டு, ஒயர் எட்டும் தூரம்வரை சமையலறைப் பக்கம் நகர்ந்து மனைவியைக் கண்ணால் அழைத்தார். கதவு இல்லாத சமையலறையில் ரகசியம் பேசினால் எல்லோருக்கும் கேட்கும்.

“புஷ்பா, எப்படிச் சொல்றது? நீயே சொல்லேன்.”

“நான் என்ன சொல்றது? மனுஷன் ஏரோப்ளேன் ஏறி வந்திருக்காரு!”

“நீதானே வாசிக்கச் சொன்ன?”

“ஒரு தடவதானே சொன்னேன்!”

குணா திரும்பி வந்து என் முன்னால் நின்றார். கிட்டார் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. “அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இத... நானே வச்சிக்கவாண்ணே?”

எனக்குக் கோபம் வந்தது. நாகரிகமாக மறைக்க முடியாத கோபம். பேசி முடித்தது, வாக்குக் கொடுத்தது, இதற்காக ஒரு கடலைக் கடந்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் ஒன்றையும் மறுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் “ஆமாண்ணே, ஆமாண்ணே” என்றார். புஷ்பா குற்றவாளி போலச் சுவரோரம் நின்றார். “நேத்து வரைக்கும் போயிருச்சின்னா நிம்மதின்னு சொன்னீங்களே?” என்றேன்.

“நேத்து வரைக்கும் இது எப்படிப் பேசும்னு தெரியாதுண்ணே.”

 தண்ணீர்ப் பாட்டிலிலிருந்து பாஸ்கர், “மாமா, விடாதீங்க! உறை இன்னும் இருக்கு! வெலையக் கொறச்சுப் பேசலாம்!” என்றான். குணா அதைக் கேட்டார். குனிந்து முன்பலகையைப் பார்த்தார். நகத்தால் பிளாஸ்டிக் உறையின் ஒரு மூலையைக் கிளப்பி, மெதுவாக, ஒரே இழுப்பில் உரிக்க ஆரம்பித்தார்.

“உரிக்கிறாரு! மாமா, உரிக்கிறாரு! பிடிங்க!”

பிடிக்கவில்லை. அந்தச் சத்தம் அவ்வளவு சுகமாக இருந்தது. உறை சுருண்டு தரையில் விழுந்தது. அழைப்பு துண்டிக்கப்பட்டது.

 ஈரோடும் போய்விட்டது, முதலீடும் போய்விட்டது. குணா தோள்வாரைக் கழற்றி, கிட்டாரை இரண்டு கைகளாலும் என் பக்கம் நீட்டினார். “ஒரு தடவ வாசிங்கண்ணே. இவ்ளோ தூரம் வந்திட்டீங்க.”

வாங்கினேன். கோபத்தோடுதான் வாங்கினேன். கழுத்து உள்ளங்கையில் உட்கார்ந்தவுடன் கோபத்தை எங்கே வைத்தேன் என்று மறந்துவிட்டது. கல்யாண வரவேற்புகளில் ரசத்துக்கும் பாயசத்துக்கும் நடுவில் வாசித்துப் பழகிய கை இது. ஒரு பாட்டின் முதல் இரண்டு வரியைத்தான் வாசிப்பதாக இருந்தேன். குணா பழைய கிட்டாரை எடுத்துவந்து கீழே உட்கார்ந்து, தாளத்துக்குச் சேர்ந்துகொண்டார். பாட்டு தெரியாத இடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஒப்பேற்றினோம். பிறகு அவர் வாசித்தார், நான் பின்னால் போனேன். பிறகு மாற்றிக்கொண்டோம். புஷ்பா ஜாக்கெட் தைக்க ஆரம்பித்தார். மெஷின் எங்கள் தாளத்தைவிட வேகமாகப் போனபோது, “புஷ்பா, மெதுவாலா!” என்று குணா கத்தினார். “தீவாளி ஒங்க தாளத்துக்கு வருமா?” என்றார் அவர்.

மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தபோது பாஸ்கர் மறுபடி கூப்பிட்டான். குரல் மட்டும். தணிந்திருந்தான், கணக்கை முடிக்கும் ஆடிட்டரின் குரல்.

“வாங்கலையா?”

“இல்ல மாப்ளே.”

“காலையிலேர்ந்து மணி என்ன ஆச்சு. வாங்கவும் இல்ல, கெளம்பவும் இல்ல. இவ்ளோ நேரம் அங்க என்னதான் பண்றீங்க?”

“வாசிக்கிறோம்.”

எதிர்முனையில் பேனாவைத் தட்டும் ஓசை கேட்டது. இந்தப் பதிலை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று பார்க்கிறான் போலிருக்கிறது. அதற்குள் குணா வெள்ளைக் கிட்டாரைத் தோளிலிருந்து கழற்றிவிட்டார்.

“போன வைங்கண்ணே. இப்ப ஒங்க டர்னு.”